கறை படாத ஃபிலிம்

டேய் மச்சான் தேவராஜ்,

ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு எழுதும் கடிதத்தை இப்படியா ஆரம்பிப்பார்கள் என்று உன் தங்கை கிரேஸ் கேட்கிறாள். வேறு எப்படி ஆரம்பிப்பது? கிழக்குத் தாம்பரத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து உன்னை நான் வேறு மாதிரி கூப்பிட்டதே இல்லை. பின்னால் உன் தங்கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பெயரை முறையானதாகவும் ஆக்கிவிட்டேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதற்காக இப்போது ‘மதிப்பிற்குரிய’ என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை இந்தக் கடிதத்தில் மீறப் போகிறேன். ஒரு பெண்ணின் வேலையும் உடம்பும் இதில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டிக்கொள்.

நம் மருத்துவமனைக்குப் புது சூப்பரின்டென்டென்ட் வந்திருக்கிறார். நல்ல மனிதர்தான், வேலையில் கண்டிப்பு. நான் இன்னும் ஸ்டோர்ஸில்தான் பஞ்சுக்கும் கட்டுப் போடும் காஸ் துணிக்கும் காவல் இருக்கிறேன். போன வாரம் அங்கேயே வந்து நின்றுகொண்டு சொன்னார். “ஞானமுத்து சார், மலருக்கு உங்க மச்சானைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் கொடுங்க. அத்தனை வருஷம் எக்ஸ்ரே ரூம்ல நின்னும் ஒரு ரிப்போர்ட்ல கூட கறை இல்லை. இப்ப இருக்கிறவங்களுக்கு அது ஒரு பாடமா இருக்கட்டும்.”

இப்போது இருக்கிறவர்கள் என்று அவர் சொன்னது வசந்தாவை. உன் அறையில் இன்று வேலை செய்யும் பெண் அவள். குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் வந்து போகிறாள், முறையாகப் படித்து சர்டிபிகேட் வாங்கியவள். அவள் மேல் கதிர் பட்டிருப்பதாக இந்த முறை பம்பாயிலிருந்து ரிப்போர்ட் வந்துவிட்டது. ‘அதே அறையில் தேவராஜ் மேல் படாத கதிர் உன் மேல் மட்டும் எப்படிப் பட்டது, எல்லாம் உன் அஜாக்கிரதை’ என்று சொல்லி அவளிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது. வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று வராந்தாவில் பேச்சு.

உன் பெயரை வைத்து அந்தப் பெண்ணை அடிக்கிறார்கள், மச்சான். நீ உயிரோடு இருந்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாயா?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் நாம் இருவரும் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எக்ஸ்ரே அறை என்று தனியாக ஒன்று கிடையாது. வெளிநோயாளிகள் பகுதிக்குப் பின்னால் படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி பண்ணி, இருந்த ஒரே ஜன்னலையும் பலகை வைத்து அடைத்து, மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பக்கத்தில் ஒரு சின்ன இருட்டறை. உன்னை அந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தவர் அப்போதிருந்த பெரிய டாக்டர். போட்டோ ஸ்டுடியோவில் ஃபிலிம் கழுவிப் பழகியவன் என்பதுதான் உன் தகுதி. மற்றதையெல்லாம் அவரே பக்கத்தில் நின்று கற்றுக் கொடுத்தார்.

சும்மா சொல்லக் கூடாது, ஃபிலிமை உன்னைப்போல் யாரும் மதித்ததில்லை. வெளிச்சமோ கதிரோ கொஞ்சம் பட்டாலும் ஃபிலிம் புகை படிந்ததுபோல் மங்கிப் போகும், அதை ‘ஃபாக்’ என்பீர்கள். உன் கையில் ஒரு ஃபிலிம் அப்படிக் கெட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. புது ஃபிலிம்களை, கதிர் புகாதபடி உள்ளே காரீயத் தகடு அடித்த பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொள்வாய். குளிக்கும்போதுகூடச் சாவியைக் கழற்ற மாட்டார் என்று உன் மனைவி எஸ்தர் சிரிப்பாள்.

நம்முடையது நெஞ்சு நோய்க்கான ஆஸ்பத்திரி. கூடுவாஞ்சேரியிலிருந்தும் வண்டலூரிலிருந்தும் பஸ் பிடித்து, இருமிக்கொண்டே வந்து இறங்குவார்கள். பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். குழந்தைகள் நிற்குமா? பெற்றவள் பிடித்தால் அவளும் சேர்ந்து அழுவாள், படம் அசைந்துவிடும். அதனால் தாய்மார்களை வெளியே அனுப்பிவிட்டுக் குழந்தையின் விலாவை இரண்டு பக்கமும் நீயே பிடித்துக்கொள்வாய். ஆயா முனியம்மா சுவிட்சை அழுத்துவாள். “கண்ணு, அதோ பாரு காக்கா” என்று ஜன்னலே இல்லாத அறையில் நீ காக்கா காட்டுவதைக் கேட்டு நான் வெளியே நின்று சிரித்திருக்கிறேன்.

எத்தனை குழந்தைகளைப் பிடித்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. யாரும் எண்ணவில்லை.

அப்புறம்தான் அந்தப் பார்சல் வந்தது. எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளச் சொல்லி பம்பாயிலிருந்து அனுப்பிய பேட்ஜுகள். சின்னச் சட்டம், உள்ளே கறுப்புக் காகிதம் சுற்றிய துண்டு ஃபிலிம். மூன்று மாதம் போட்டுக்கொண்டு திருப்பி அனுப்பினால், கழுவி, அதில் படிந்த கறையைப் பார்த்து உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று சொல்வார்கள். அவற்றில் ஒன்றை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கதிர் படாத இடத்தில் பத்திரமாக வைக்க வேண்டும். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் போகிற அவசரத்தில் கூட வந்த காகிதத்தை மேலோட்டமாகப் பார்த்தார். “தேவராஜ், இதுல கதிர் படாம பத்திரமா பார்த்துக்கோ. ஃபாக் ஆச்சுன்னா நம்ம பேர் கெட்டுடும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒன்றைப் பத்திரமாக வைக்கச் சொன்னார்கள். நாம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்தோம்.

உன்னிடம் ஃபிலிமைக் கொடுத்துக் கதிர் படாமல் பார்த்துக்கொள் என்றால் வேறு என்ன செய்வாய்? காரீயப் பெட்டியைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினாய். மூன்று மாதம் கழித்து எடுத்துத் துடைத்துப் பார்சல் கட்டி அனுப்பினாய். இருட்டறையை நாம் எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று பம்பாய்க்காரன் பரீட்சை வைக்கிறான் என்பது உன் எண்ணம். உன் தொழில் புத்தி அப்படித்தான் போகும். ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

முதல் ரிப்போர்ட் வந்த அன்று நீ ஸ்டோர்ஸுக்கு ஓடி வந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. “மச்சான், சுத்தமா இருக்காம்டா. ஒரு பொட்டு கூட இல்லையாம்.” ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் எனக்கும் முனியம்மாவுக்கும் போண்டாவும் டீயும் வாங்கிக் கொடுத்தாய். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ரிப்போர்ட்டும் சுத்தம். கிறிஸ்துமஸ் விழாவில் பெரிய டாக்டர் உன்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். நாங்களெல்லாம் கை தட்டினோம்.

அப்போதே உன் விரல்கள் கெட ஆரம்பித்திருந்தன. நகம் பிளந்தது. தோல் காய்ந்து வெடித்தது. ஃபிலிம் கழுவுகிற ஹைப்போ தண்ணீர்தான் காரணம் என்று நீ சொன்னாய், டாக்டர்களும் தலையை ஆட்டினார்கள். கிரேஸ் தேங்காய் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். நான் ஸ்டோர்ஸிலிருந்து ரப்பர் கையுறை எடுத்துக் கொடுத்தேன். தண்ணீரில் கை வைக்கும்போது அதை ஒழுங்காக மாட்டிக்கொள்வாய். குழந்தையைப் பிடிக்கும்போது கழற்றி வைத்துவிடுவாய், குழந்தை பயப்படும் என்று.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு வேலையாகப் போனபோது, அங்கே காரீயத் தடுப்புக்குப் பின்னால் நின்று சுவிட்சைப் போடுவதைப் பார்த்துவிட்டு வந்தாய். நமக்கும் ஒன்று வேண்டும் என்று இருவருமாக ஸ்டாஃப் கமிட்டியில் கேட்டோம். நான் கொஞ்சம் சூடாகவே பேசினேன். பொருளாளர் உன்னைப் பார்த்து, “ஏம்பா தேவராஜ், உன் ரிப்போர்ட் எல்லாம் எப்படி வருது?” என்று கேட்டார். நீ நிமிர்ந்து நின்று, “ஒண்ணுல கூட கறை கிடையாது சார்” என்றாய். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. தடுப்பு வைக்கக் கேட்ட பணத்தில் வராந்தாவுக்கு மொசைக் போட்டார்கள்.

வெளியே வந்து உன்னிடம் சண்டை போட்டேன். “ஏண்டா, கேக்க வந்துட்டு நீயே வேணாம்னு சொல்றியே?” என்றேன். “பொய் சொல்லச் சொல்றியாடா?” என்று கேட்டாய். நீ சொன்னது பொய்யில்லை. பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று இன்று வரைக்கும் தோன்றுகிறது.

இன்னும் சில வருஷம் ஓடியது. பம்பாயிலிருந்து ஒரு அதிகாரி சோதனைக்கு வந்தார். ஒல்லியான மனிதர், தமிழ் தெரிந்தவர். மெஷினைப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், அடைத்த ஜன்னலைப் பார்த்தார். நான் சரக்குப் பதிவுக்காக அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். “உங்க பேட்ஜ் எங்க?” என்று உன்னைக் கேட்டார்.

நீ அரைஞாணிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாய். வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றியிருந்ததைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இப்போதும் தெரிகிறது.

“இது எப்பவும் இங்கதான் இருக்குமா?”

“எப்பவும் இங்கதான் சார். வெளிய எடுக்கிறதே இல்லை.”

“முதல்ல இருந்தா?”

“முதல் பார்சல்ல இருந்து சார்.”

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு உன் கையைக் காட்டச் சொன்னார். இரண்டு கைகளையும் வாங்கி ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். அதன் பிறகு அவர் பேட்ஜ் எதற்காக என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் உனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். கடைசியில், “அப்போ அந்த ரிப்போர்ட்டெல்லாம் பெட்டியோட ரிப்போர்ட்டா சார்?” என்று மட்டும் கேட்டாய்.

பெரிய டாக்டரின் அறையில் நாம் நான்கு பேர்தான் இருந்தோம். தான் காகிதத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார், கண் கலங்கினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் தன் கையாலேயே எல்லாவற்றையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்று சொன்னவரும் அவர்தான். வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்தவன் நீ. “எழுதாதீங்க சார். ஊரெல்லாம் என்னை முட்டாப் பயன்னு பேசும். எஸ்தர் முகத்துல எப்படி முழிப்பேன்?” என்றாய். அதிகாரி கடைசியில் ‘பேட்ஜைத் தவறாமல் அணிய வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். உன் பழைய ரிப்போர்ட்டுகள் அப்படியே சுத்தமாக இருந்துவிட்டன.

ஸ்டேஷன் மேம்பாலப் படியில் வைத்து என்னிடம் வாக்கு வாங்கினாய். “இது நம்மளோட போகட்டும் மச்சான். கிரேஸுக்குக்கூடச் சொல்லாதே.” சரி என்றேன். கிரேஸுக்கு அப்புறம் சொல்லிவிட்டேன், அதை மன்னித்துவிடு. அவளிடம் என்னால் எதை மறைக்க முடிந்திருக்கிறது?

உன்னை எக்ஸ்ரே அறையிலிருந்து எடுத்து வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிற மேஜையில் உட்கார வைத்தார்கள். தடுப்பும் வந்தது. மரச் சட்டத்துக்குள் காரீயத் தகடு, ஆனால் சுவர் முழுக்க இல்லை, பாதி அகலம்தான். இவ்வளவு நாள் எதுவும் இல்லாமலேயே சுத்தமாக இருந்ததே, பாதி போதாதா என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. நீ என்னைப் பார்த்தாய். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சீட்டு எழுதுகிறவனாக ஆன பிறகும் நீ சும்மா இருந்தாயா? முனியம்மா ஒரு நாள் குடத்தோடு வந்து நின்றாள். “இன்னா சார் இது, உங்க கெமிக்கல் தண்ணி பின்னால ஓடி எங்க கெணத்தாண்ட நிக்குது. தண்ணி ஒரு மாறி கசக்குது சார். வூட்ல புள்ளைங்க கீது. இத்த குடிச்சா இன்னா ஆவறது?” உண்மைதான். நாம் ஃபிலிம் கழுவிய தண்ணீரையெல்லாம் பின்பக்க வாய்க்காலில்தான் கொட்டிக்கொண்டிருந்தோம். அதுவரை அது எங்கே போகிறது என்று ஆஸ்பத்திரியில் ஒருவரும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து நீ பிடித்த பிடியை விடவில்லை. பழைய ஹைப்போவைப் பீப்பாயில் பிடித்து வைத்தாய். அதிலிருந்து வெள்ளி எடுக்கிற ஆள் சவுகார்பேட்டையிலிருந்து வந்து வாங்கிப் போனான். மற்ற கழிவுத் தண்ணீருக்கு சிமென்ட் தொட்டி கட்ட வைத்தாய். முனியம்மா வீட்டுக் கிணற்றை இறைத்துச் சுத்தம் பண்ணுகிற வரை அந்தத் தெருவுக்கு ஆஸ்பத்திரிக் குழாயிலிருந்து நல்ல தண்ணீர் போனது. கட்டுப் போட்ட கையோடு நீயே குழாயடியில் நின்றுகொண்டிருந்தாய். “இதையாவது ஒழுங்கா செஞ்சிட்டுப் போறேண்டா” என்றாய். போறேன் என்று நீ சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை.

விரலில் ஆறாத புண் வந்தது. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு இன்னொன்று. அக்குளில் கட்டி வந்தபோது நகரத்து டாக்டர் எஸ்தரை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் பேசினார். கடைசி மாதங்களில் நீ ஜெபம் பண்ணும்போது இரண்டு கைகளையும் போர்வைக்குள் வைத்துக்கொள்வாய். நான் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பேன். அடக்கத்தன்று சர்ச் ஐயர் உன் ‘கறையில்லாத உழைப்பை’ப் பற்றிப் பேசினார். அவருக்கு என்ன தெரியும் பாவம்.

எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், மச்சான். அந்த ரிப்போர்ட்டில் ஒன்றே ஒன்று கறையோடு வந்திருந்தால் போதும். உன்னைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பார்கள், நீ ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்திருப்பாய், தடுப்பு வந்திருக்கும். உன் ஜாக்கிரதைதான் உன்னைக் கொன்றது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நீ போன பிறகு தாம்பரம் ரொம்ப மாறிவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க இப்போது நிற்க வேண்டியிருக்கிறது. சேலையூர் ஏரிக்கரை வரை மனை போட்டுவிட்டார்கள். எக்ஸ்ரேக்கு முன்னைவிடப் பெரிய மெஷின் வந்திருக்கிறது. தடுப்பு மட்டும் அதே பாதி. சின்ன மெஷினுக்கே போதாதது பெரிய மெஷினுக்கு எப்படிப் போதும்?

வசந்தா அதைத்தான் கேட்டாள். அவள் வந்த நாளிலிருந்து பேட்ஜை வெள்ளைக் கோட்டில் குத்தாமல் அறைக்குள் நுழைவதில்லை. குழந்தைகளைத் தான் பிடிப்பதில்லை, கூட வந்த பெரியவர்களுக்குக் காரீய ஏப்ரன் மாட்டிவிட்டு அவர்களைப் பிடிக்கச் சொல்கிறாள். அவ்வளவு செய்தும் ரிப்போர்ட் கறையோடு வந்திருக்கிறது என்றால், தடுப்பு போதவில்லை என்று அர்த்தம். “சார், நான் தப்பு பண்ணலை. பேட்ஜ் சொல்றது உண்மை. ஆனா தேவராஜ் சாருக்கு ஒண்ணுமே வரலையேன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?” என்று ஸ்டோர்ஸ் வாசலில் நின்று என்னைக் கேட்டாள். ஆபீசில் யாரோ அவளிடம் அடுத்த முறை பேட்ஜைக் கொஞ்சம் கழற்றி வைத்துக்கொள்ளேன் என்று யோசனை வேறு சொல்லியிருக்கிறார்கள்.

அவளுக்கு என்ன பதில் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், எனக்கும் கிரேஸுக்கும். பெரிய டாக்டரும் போய்விட்டார். அந்த ஒல்லி அதிகாரி எங்கே இருக்கிறாரோ.

ஆனால் எஸ்தரைக் கேட்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு மிச்சம் இருப்பது உன் நல்ல பெயர்தானே? அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உன் வீட்டுக்குப் போனேன். பாராட்டுப் பத்திரம் உன் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அவள் பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் பெட்டியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

பாதியில் தாள்களை ஒதுக்கி வைத்தாள். அழவில்லை. “இத்தனை வருஷமா நான் ஹைப்போவைத்தான் சபிச்சிட்டிருந்தேன்” என்றாள். அப்புறம், “என்கிட்ட சொல்லியிருக்கலாமே அவர். நான் சிரிச்சிருப்பேனா?” என்று கேட்டாள். நீயே சொல்லு. அவளை உனக்கு அவ்வளவுதான் தெரிந்ததா?

பிறகு அவள் கேட்டாள், “அண்ணா, அந்தப் பொண்ணு கையைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேம்மா. நல்லாத்தான் இருக்கு. மருதாணி வச்சிருக்கா.”

“அப்போ எழுதுங்க” என்றாள்.

எழுதிவிட்டேன், மச்சான். உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். மலரில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, திங்கட்கிழமை கமிட்டியில் இதையே நின்று வாசிக்கப் போகிறேன். எஸ்தரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். உன் ரிப்போர்ட்டுகளைக் காட்டி யாராவது பேசினால், அவை உன் உடம்பின் கணக்கு இல்லை என்று அவளே சொல்வாளாம். இனி உன்னை முட்டாள் என்று ஊர் சொல்லலாம். சொல்லட்டும், நான் கூடவே இருந்து அவர்களோடு சண்டை போடுகிறேன்.

உனக்கு இப்போது வேறொரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தச் சுவர் முழுக்கக் காரீயம் ஏறுகிற வரை அந்த அறையில் ஒரு சுவிட்சையும் போட விடமாட்டேன். அதற்காக என்னை ஸ்டோர்ஸை விட்டு அனுப்பினாலும் சரி. அந்தப் பெண்ணுக்கு நம் வயது வரும்போதும் பத்து விரலும் இருக்க வேண்டும்.

உன் பெயரைக் கெடுத்து, உன் மனைவியின் சம்மதத்தோடு,
உன் தங்கையைக் கட்டியவன், என்றும் உன் மச்சான்,
ஞானமுத்து